விலை போடாத புத்தகம்

போன ஞாயிறு மத்தியானம் டி.வி.யில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டார்கள். விளம்பரம் வந்தால் எழுந்து போய்விடும் எங்கள் வீட்டுக் கல்லூரிக் கூட்டம் அன்றைக்கு அசையவில்லை. முடிந்ததும் தங்கை மகள் சொன்னாள்: "மாமா, இதைப் போய் சங்கீதப் படம்னு சொல்லி வெச்சிருக்கீங்க. இது அசல் ரொமான்டிக் காமெடி." அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும். நானும் வருடக்கணக்காக அதைத்தான் சொல்லிவருகிறேன்.

நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரம், நாட்டியக்காரி மோகனா. இருவருக்கும் வித்தைத் திமிர். ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போகிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை. மோகனாவின் அம்மா வடிவாம்பாள் பெரிய இடமாகத் தேடுகிறாள், வைத்தி அதற்குத் தரகு பார்க்கிறான். போதாக்குறைக்கு, ரோசத்தாலும் சந்தேகத்தாலும் இந்த இருவரே தங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு போகிறார்கள். 1968இல் வந்த படம் இன்றைக்கும் இருபது வயதுப் பெண்ணைச் சிரிக்க வைக்கிறது என்றால், பாலையாவின் முத்துராக்கும் நாகேஷின் சவடால் வைத்தியும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் காதலைச் சுற்றியே சிரிப்பை நடத்துவதால்தான். காமெடிக்குத் தனி டிராக் கிடையாது. ராத்திரி ரயிலில் காதலர்கள் கண்ணால் பேசிக்கொள்ளும் காட்சியில், பக்கத்தில் இருக்கும் பாலையாவின் முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

எடுத்தவர் நம் சேலத்து ஆள். ஏ.பி. நாகராஜன் சங்ககிரிப் பக்கம் அக்கம்மாபேட்டைக்காரர். கதையைப் படமாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் வளைவு இன்றும் நிற்கிறது. 1950 என்ற ஒரே ஆண்டில் அந்த வாசலுக்குள்ளிருந்து வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் 'திகம்பர சாமியார்' படமாகவும், பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 'பொன்முடி'யாகவும் வெளியே வந்தன.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கை மகள் கேட்டாள்: "அப்படின்னா இதுக்கும் நாவல் இருக்குதா?"

இருக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு எழுதியது. ஜெமினி ஸ்டூடியோவில் வாசனுக்கு வலது கையாக இருந்தவர், 'காந்தி மகான் கதை'யை வில்லுப்பாட்டாகப் பாடியவர். 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் 'கலைமணி' என்ற பெயரில் இதை வாராவாரம் எழுதினார். ஓவியம் கோபுலு. புத்தகமானபோது இரண்டு பாகம்.

எது உசத்தி என்று கேட்டால் நான் நழுவ மாட்டேன். காதலில் படம் உசத்தி. நாதஸ்வரத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் காகிதம் ஊதாது. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசிக்க, சிவாஜியின் விரலும் கன்னமும் அதற்கு உயிர் கொடுக்க, பத்மினி ஆடும்போது சுப்புவின் எழுத்தால் எட்ட முடியாத இடத்துக்கு நாகராஜன் போய்விடுகிறார்.

காலத்தில் நாவல் உசத்தி. படத்தில் சண்முகசுந்தரம் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அடுத்த காட்சி உடனே வந்துவிடும். விகடனில் அந்தக் கோபம் வாசகர் வீட்டில் ஒரு வாரம் தங்கியது. "அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?" என்று கிணற்றடியில் பேசினார்கள். சேர்வார்களா மாட்டார்களா என்ற தவிப்பு வருடக்கணக்கில் நீண்டது. காதல் கதைக்குக் காத்திருப்பைவிட நல்ல உரம் கிடையாது. மூன்று மணி நேரப் படத்தால் அதைத் தர முடியாது. இரண்டு பாகத்தை ஒரே மூச்சில் படிப்பவருக்கும் அது கிடைக்காது.

எனக்குக் கொஞ்சம் கிடைத்தது. காரணம், நான் படித்தது அச்சான புத்தகமே அல்ல. அஸ்தம்பட்டியில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்திருந்த வீட்டு பைண்டு.

என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வாரப் பத்திரிகை வந்ததும் வீட்டில் வரிசையாக எல்லோரும் படித்து முடிப்பார்கள். பிறகு அம்மாவோ அக்காவோ பின்னை நெம்பி எடுத்து, தொடர்கதைத் தாளை மட்டும் கிழியாமல் பிரித்து, அரிசி டின்னுக்கு மேலோ மெத்தைக்கு அடியிலோ அடுக்கி வைப்பார்கள். 'முற்றும்' வந்ததும் கட்டு பைண்டரிடம் போகும். அவர் தாள்களைத் தட்டி ஒழுங்கு பண்ணி, ஊசி நூலால் தைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை தடவி, அட்டை வைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டித் தருவார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு இப்படிக் கட்டி வைக்கப்பட்டவை எத்தனையோ வீட்டில் சீதனமாகக்கூடப் போயின.

என்னிடம் இருக்கும் மோகனாம்பாளைத் திறந்தால் கதை மட்டுமா வருகிறது? அத்தியாயம் முடியும் பக்கத்தின் மறுபுறம் பாதி ஜோக், வேறொரு கதையின் வால், சோப்பு விளம்பரம். கோபுலுவின் கோடுகள் முதலில் அச்சான அளவிலேயே இருக்கின்றன. ஓரத்தில் ஒரு பெண் கையெழுத்து வடிவாம்பாளைத் திட்டியிருக்கிறது. ஓரிடத்தில் அச்சுத்தாளே இல்லை. அந்த வார இதழ் வீட்டுக்கு வராமல் போயிருக்க வேண்டும். அத்தியாயம் முழுவதையும் யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத்தாளில் நீல மையால் எழுதிச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய விருதை எந்த அகாடமியும் கொடுத்துவிட முடியாது.

இப்படிப்பட்ட கட்டுகளைத்தான் நாம் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டை இடித்துக் கட்டும்போதும் தாத்தா பாட்டி காலமானதும் பரணிலிருந்து முதலில் இறங்குவது இதுதான். பழைய பேப்பர்க்காரர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் எடுத்து வைத்திராவிட்டால் எனக்கு இது கிடைத்திருக்காது.

என் கோபம் வேறு இடத்தில். தெரிந்தவர் ஒருவர், தன் அம்மா சேர்த்த இப்படிப்பட்ட பைண்டுகளை ஒரு நூலகத்துக்கு இனாமாகக் கொடுக்கப் போனார். அங்கே சொன்ன பதில்: "விலை போடலைங்க, பதிப்பகம் பேரும் இல்லை. பதிவேட்டுல எப்படி ஏத்தறது?" திருப்பி எடுத்து வந்துவிட்டார். கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. விலை போட்டு வந்த புத்தகத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். விலை போடாத இதற்கு இன்னொரு பிரதி உலகத்தில் கிடையாது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், பத்திரிகை, துண்டுப் பிரசுரம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுத வருகிறவர்கள் அங்கேதான் போய் உட்காருகிறார்கள்.

நம் ஊருக்கு இதில் இன்னும் பழைய பெருமை உண்டு. 1880இல் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி என்று ஒன்று இருப்பதைச் சொல்லி, தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்து அவரை ஏட்டுச்சுவடிப் பக்கம் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பிறகு சங்க நூல்கள் ஒவ்வொன்றாக வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரதியிலும் விலை போட்டிருக்கவில்லை.

ஆகவே நூலகத் துறைக்கு ஒரு விண்ணப்பம். மாவட்டத்துக்கு ஓர் அலமாரி ஒதுக்குங்கள். வீட்டு பைண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கதையின் பெயர், வந்த பத்திரிகை, ஆண்டு, கொடுத்த குடும்பத்தின் ஊர் இவ்வளவும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஸ்கேன் செய்யுங்கள். வாசகர்களுக்கு ஒன்று: பரணைச் சுத்தம் செய்யும்போது காலிகோ முதுகுள்ள கட்டு எதையும் பிரித்துப் பார்க்காமல் தராசில் வைக்காதீர்கள். பதிவேட்டில் விலை என்று ஒரு கட்டம் இருக்கிறதே என்று தயங்கும் அலுவலருக்கும் வழி உண்டு. அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.