செவிக்குள் ஒரு தராசு

ஐம்புலன்களை அடுத்து மனத்தை வைத்து எண்ணுவது நம் மரபு. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும் தொல்காப்பிய மரபியல், செவிக்கு உரியதாகக் கொள்வது கேட்டலை மட்டுமே. அதே செவிக்குள், உடல் சாயாமல் நிற்க உதவும் இன்னொரு புலன் இருப்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. விளையாட்டு வீரர்களைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்புகளில் இந்த விடுபடல் தெரிகிறது.

உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. அருகிலுள்ள நுண்ணிய சுண்ணத் துகள்கள் புவியீர்ப்பின் திசையை உணர்த்துகின்றன. இவற்றோடு கண்ணும், தசையும் மூட்டும் பாதமும் தரும் உணர்வும் சேர்ந்தே உடலை நிலைநிறுத்துகின்றன. ஆனால் எல்லோரும் இவற்றை ஒரே அளவில் நம்புவதில்லை. பாலே கலைஞர் சுழலும்போது பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, இறுதியில் தலையைச் சட்டெனத் திருப்புகிறார். பனிச்சறுக்குக் கலைஞரின் வேகத்துக்கு அந்த உத்தி உதவாது; கிறுகிறுப்பைப் பொருட்படுத்தாதிருக்க அவரது மூளை பழகிக்கொள்கிறது. 2002இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், கண்களை மூடியபோது நடனக் கலைஞர்களைவிட ஜூடோ வீரர்களே நிலையாக நின்றனர்.

2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், வால்ட் தாவலில் இரண்டரை முறை திருக வேண்டிய உடலை ஒன்றரை முறையே திருக முடிந்து தரையிறங்கினார். அணிப் போட்டியிலிருந்தும் விலகினார். காற்றில் தாம் எங்கிருக்கிறோம் என்பதே தெரியவில்லை என்று பின்னர் விளக்கினார். உடனே பலர் அவரது மனவுறுதியைப் பழித்தனர். மன அழுத்தத்தை அவரே குறிப்பிட்டார் என்பது உண்மைதான். ஆனால் தரை எந்தப் பக்கம் என்று தெரியாத உடலுக்குத் துணிவு என்ன செய்துவிட முடியும்?

இதற்கு விடையாக ஒரு துயரம் முன்பே நிகழ்ந்திருக்கிறது. 1978இன் உலகச் சாம்பியனான சோவியத் வீராங்கனை எலினா முகினா, கால் முறிவு முழுதும் ஆறாத நிலையில் பயிற்சிக்குத் தள்ளப்பட்டார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு, கடினமான தாவலொன்றில் கழுத்து முறிந்தது. 2006இல் இறக்கும்வரை கைகால் செயலிழந்தே வாழ்ந்தார்.

பைல்ஸ் ஒரு வாரம் கழித்து, திருகலே இல்லாத இறுதித் தாவலை அமைத்துக்கொண்டு சமநிலைக் கட்டையில் வெண்கலம் வென்றார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கங்கள் பெற்றார். உடலின் எச்சரிக்கையைக் கேட்டு நிறுத்தத் தெரிந்ததும் ஆறாம் அறிவின் வேலைதான். அதைக் கோழைத்தனம் என்று அழைப்பவர்கள், அந்த அறிவின் பெயரால் பேசத் தகுதியற்றவர்கள் என்றே நான் கருதுகிறேன்.