‘காண்ட்ராக்ட்’ என்னும் சொல்லும் கூடைப்பந்து ரசிகரும்

அமெரிக்கக் கூடைப்பந்துப் பருவம் ஜூனில் முடிந்ததும் அதன் ரசிகர்களுக்கு வேறோர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. எந்த அணி யாரை விட்டுக்கொடுக்கும், யாரை ஒப்பந்தம் செய்யும் என்ற விவாதம் அது. கோலார் தங்கவயலின் பாலகாட்டிலும் சுற்றியுள்ள பழைய சுரங்கக் குடியிருப்புகளிலும் வளர்ந்து, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் சிலர் இவ்விவாதத்தில் காட்டும் நுட்பம் வியப்பூட்டுவது. 2025-26 பருவத்தின் ஊதிய உச்சவரம்பு ஏறத்தாழ 15.46 கோடி டாலர் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சுமார் 20.78 கோடி என்ற மேல்வரம்பைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் ஊதியத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரருக்கு ஈடாகத் தர இயலாது என்பதும் தெரியும். தொழிற்சங்கம் ஒன்று செய்துகொண்ட கூட்டுப்பேர உடன்படிக்கையை இவ்வளவு ஊன்றிப் படித்தவர்களை நான் கருத்தரங்குகளில்கூட அதிகம் கண்டதில்லை. இதைப் பாராட்டாகவே சொல்கிறேன்.

என் மறுப்பு அவர்களுடைய மொழி பற்றியது. வீரர் அங்கே ‘சொத்து’, அடிபட்டவர் ‘சுமை’, ஓராண்டு மட்டுமே எஞ்சியிருப்பவர் ‘முடியப்போகும் காண்ட்ராக்ட்’. ரசிகர் தம்மையறியாமல் மேலாளரின் நாற்காலியில் அமர்ந்துகொள்கிறார். அணி வீரரை அனுப்பினால் அது வணிகம். வீரரே வேறிடம் கேட்டால் அது துரோகம்.

டேமியன் லில்லார்டின் கதையை எடுத்துக்கொள்வோம். 2012 முதல் போர்ட்லேண்டில் ஆடியவர், 2023 கோடையில் தம்மை மயாமிக்கு அனுப்பும்படி கேட்டார். நன்றிகெட்டவர் என்ற வசை எழுந்தது. அப்படி ஓர் அணியை மட்டும் குறிப்பிட்டு வற்புறுத்துவது தண்டனைக்கு உரியதாகலாம் என்று என்பிஏ அமைப்பும் எச்சரித்தது. முடிவில் அவர் அனுப்பப்பட்டது மில்வாக்கிக்கு. 2025 ஏப்ரலில் அவருடைய குதிகால் நாண் அறுந்தது. ஜூலையில், வேறொரு வீரருக்கான ஊதிய இடத்தை உருவாக்குவதற்காக மில்வாக்கி அவரை விடுவித்தது. அணியிடம் கேட்டுப் போக முயன்றவர் துரோகி. காயத்தோடு வெளியே அனுப்பிய அணி சாமர்த்தியசாலி. இரண்டு தீர்ப்பையும் ஒரே வாய் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

எனினும் கதை அதோடு முடியவில்லை. எஞ்சிய இரண்டாண்டு ஊதியமான சுமார் 11.3 கோடி டாலரை, ஐந்தாண்டுகளில் பிரித்தேனும், மில்வாக்கி முழுமையாகத் தந்தாக வேண்டும். லில்லார்ட் அதே மாதம் போர்ட்லேண்டுக்கே திரும்பினார், தம் சம்மதமின்றி வேறு அணிக்கு அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்தப் பாதுகாப்பு உரிமையாளர்களின் பெருந்தன்மையால் வந்ததன்று. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வீரரை அணியே பிடித்துவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. வீரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தடையின்றி விரும்பிய அணிக்குச் செல்லும் நிலை 1988இல்தான் வந்தது. கோடைதோறும் ரசிகர் நடத்தும் விவாதமே அந்த வழக்கின் பேரக்குழந்தை.

இதைப் பாலகாட்டில் இருந்துகொண்டு ஏன் பேச வேண்டும்? தங்கவயலில் சுரங்கங்கள் பல. அவற்றை நடத்திய நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒன்றே. 1930இல் தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய முற்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டமன்று அது. ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியோடு ஒத்துவராதவன் அடுத்த சுரங்கத்தில் வேறொரு பெயர் சொல்லிச் சேர்ந்துவிடலாம். ரேகையை மாற்ற முடியாது. எங்கே, யாரிடம் உழைப்பது என்பதில் கொஞ்சமாவது தன் விருப்பம் இருக்க வேண்டும் என்ற உணர்வு அந்த மறுப்பில் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

கோடீஸ்வர விளையாட்டு வீரரையும் பாறைத் தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைப்பது முறையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வாழ்நிலையில் இருவருக்கும் ஒப்பே இல்லை. ஆனால் லில்லார்டுக்குக் கிடைத்ததும் காண்ட்ராக்ட்தான், பெங்களூர் நிறுவனத்தில் நம் இளைஞனுக்குக் கிடைப்பதும் காண்ட்ராக்ட்தான். முன்னதில் காயம்பட்டாலும் கடைசிக் காசு வரை வரும். பின்னதில் பதினோராம் மாதம் என்ன ஆகும் என்றே தெரியாது. இந்த வேறுபாட்டைப் பிறர் உதவியின்றி விளங்கிக்கொள்ளும் அறிவு அந்த ரசிகரிடம் ஏற்கனவே இருக்கிறது. உச்சவரம்பின் விதிகளைப் படித்தவருக்குத் தம் நியமனக் கடிதத்தைப் படிப்பதா கடினம்?

நம் நாட்டுக் கூடைப்பந்தின் கதை வேறு. இங்கே ஓர் அணி வீரரை ஒப்பந்தம் செய்வது என்றால் பெரும்பாலும் அரசு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைப்பது என்று பொருள். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடிய கீது அன்னா ஜோஸும் அதே ரயில்வேயைச் சேர்ந்தவர். 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறைத் தொடரின் மூன்று அணிகளின் தேர்வில் கலந்துகொண்டபோதும் அவருக்குத் திரும்பி வர ஒரு வேலை இருந்தது. இதில் பாதுகாப்பு மிகுதி. பேரம் பேச இடம் குறைவு. ரயில்வேயில் சேர்ந்தவர் தேசியப் போட்டியில் தம் மாநிலத்துக்கு ஆடாமல் இந்திய ரயில்வே அணிக்கு ஆடுகிறார். ஒரு நியமன ஆணை ஓர் அணியைக் கலைத்து இன்னோர் அணியைக் கட்டிவிடுகிறது. லேக்கர்ஸ் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் யார் கைக்குப் போவார் என்று இரவெல்லாம் கணக்குப் போடும் நம் ரசிகர்களில், தமிழ்நாட்டு அணியிலிருந்து அடுத்து ரயில்வேக்குப் போகக்கூடியவர் யார் என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.