சித்திரப்படமும் பெண்மக்களும்

குடும்பத்தோடு கண்டு களிக்கும் சித்திரப்படங்களை வெறும் விளையாட்டென நாம் தள்ளிவிடலாகாது. சிறுவர் உள்ளத்திற்கு அவையும் பாடநூல்களே. டிஸ்னி நிறுவனத்தாரின் ‘ஸ்நோ வைட்’ படத்தில் (1937), மயங்கிக் கிடக்கும் பெண்ணை அரசிளங்குமரன் வந்து எழுப்புகின்றான். ‘லிட்டில் மெர்மெயிட்’ படத்தின் (1989) நாயகியோ கால்களைப் பெறுதற்குத் தன் குரலையே கொடுத்துவிடுகின்றாள். 1995 முதல் நெடும்படங்கள் எடுத்துவந்த பிக்ஸார் நிறுவனத்தார், தமது 13 ஆவது படமாகிய ‘பிரேவ்’ இலேதான் (2012) ஒரு பெண்ணைத் தனித் தலைவியாக்கினர். பெண்ணின் வீரத்தைக் காணாது வளரும் சிறுமி தன் ஆற்றலை அறியாள்; சிறுவனோ அவளை மதிக்கக் கல்லான். ஆண்மக்கள் பயிலும் கல்லூரியில் வளர்ந்த நாம் இவ்விரண்டாவது குறையையே பெரிதும் அஞ்சுதல் வேண்டும். ஆதலின், படம் முடிந்ததும், “இக்கதையில் அவள் என்ன செய்தாள்?” எனத் தந்தையர் தம் மைந்தரை வினவுவாராக.