கம்பி அறுந்தாலும் அடுப்பு எரிய வேண்டும்



2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியில் பட்டது. முழு இலங்கைக்கும் மின்சாரம் போனது. அன்று எல்லோரும் சிரித்தோம். அதே வருஷம் நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மலை சரிந்தது, பாதை அடைபட்டது, மலையக ரயில் பாதை பல இடங்களில் பிய்த்துக்கொண்டு போனது. மின்சாரமும் போனும் ஒன்றாகச் செத்தன. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் பலி. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் அதிகம் பறிகொடுத்தன. கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைக்கு, லயத்தில் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கக்கூட வழியில்லை.

இப்படி ஒரு முடக்கம் இன்னொரு முறை வரும். புயலாக வரலாம், டொலர் தட்டுப்பாடாக வரலாம், எங்கோ ஒரு கம்ப்யூட்டர் கோளாறாகவும் வரலாம். 2025 ஏப்ரலில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே பகலில் மின்சாரம் இழந்தன; பணக்கார நாட்டுக்காரன் ரேடியோவும் பற்றரியும் தேடிக் கடைகடையாக அலைந்தான்.

தோட்டத்தில் நம்முடைய காம்பராவுக்குள் ஒருதரம் சுற்றிப் பாருங்கள். காலையில் ரொட்டி, கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. அந்தக் கோதுமை இந்த நாட்டில் ஒரு மணிகூட விளைவதில்லை. கப்பலில் வந்து, ஆலையில் அரைபட்டு, லொறியில் ஹட்டனுக்கு ஏறி, கடைக்காரர் கொப்பியில் கடனாக எழுதிய பிறகுதான் நம் சட்டிக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அடுப்பு அணையும். அரசாங்கம் தரும் அஸ்வெசும காசு வங்கியில். பிள்ளைகள் அனுப்புகிற காசும் வங்கியில். 2022இல் பெட்ரோலுக்குக்கூட போனில் கியூஆர் காட்டச் சொன்னார்கள். டவர் விழுந்த அன்று கணக்கில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியாது.

இந்த நிலைமை தானாக வந்ததல்ல. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே நம்மைத் தேயிலை மட்டும் பறிக்க வைத்து, அரிசியை வெளியிலிருந்து இறக்கி, அதைச் சம்பளத்தில் கழித்தார்கள். பச்சை மலைக்கு நடுவில் இருந்துகொண்டு சோற்றுக்கு அடுத்தவன் கையைப் பார்க்கும் சனம் ஆனோம். 1973-74 பஞ்சத்தில் ரேஷன் குறைந்ததும் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. தாயும் பிள்ளையும் டவுன் தெருவில் கையேந்தினார்கள். மூன்று வருஷம் கழித்து, 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுக்க அரசாங்கம் வந்தது. எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. காணி இல்லாதவனுக்குக் கஞ்சியும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தற்சார்பு என்பது மாடிவீட்டுக்காரர் பூத்தொட்டியில் தக்காளி வைக்கும் பொழுதுபோக்கு இல்லை, தோழர்களே. இது நமக்குக் காணிப் பிரச்சினை. 7 பேர்ச்சில் வீடு கட்டினால் கீரைப் பாத்திக்கு எங்கே போவது?

மின்சாரக் கதை இதைவிடக் கொடுமை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஓடுவது நம் காலடியில். பழைய மஸ்கெலியா டவுனையே மவுஸ்ஸாக்கலைத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். லக்ஷபானவிலும் நோர்ட்டன் பிரிட்ஜிலும் பிறக்கிற மின்சாரம் கொழும்புக்கு இறங்குகிறது. கம்பியில் மரம் விழுந்தால் நம் லயம்தான் முதலில் இருட்டு. அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் ஸ்டோர் மெஷினை ஓட்டியது பக்கத்து ஓடைத் தண்ணீர்தான். நாட்டு மின்கம்பி வந்ததும் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள். பின்னால் எத்தனையோ கிராமத்துச் சங்கங்கள் சின்ன ஓடையில் சொந்த மின்சாரம் எடுத்துக் காட்டின. கிராமத்தாருக்கு முடிந்தது நமக்கேன் முடியாது? ஓடை கம்பெனிக் காணியில் ஓடுகிறது, அதனால்தான். லைட்டே வேண்டாம், குப்பி விளக்குக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. நம் ஓடையில் நமக்கும் பங்கு கேட்போம்.

காணிப் போராட்டம் நீளமானது. அதற்காக மழை காத்திருக்காது. ஆகவே இப்போதே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் உயிர். மண்சரிவு எச்சரிக்கை போனில் வருகிறது. டவர் விழுந்தால் எச்சரிக்கையும் விழுகிறது. பக்கம் நேராக இருக்கிற, ஒரு சாண் உயரத் தகரப் பேணி ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மழை வலுத்தால் இடையிடையே பாருங்கள். ஒரு நாளைக்குள் ஏழரை சென்டிமீட்டர் வந்தால் விழிப்பு. பத்து வந்தால் மூட்டையைக் கட்டு. 15 வந்தால் யாரையும் கேட்காதே, இறங்கு. 75, 100, 150 மில்லிமீட்டர் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுதான் இது. தரை வெடித்தாலோ, ஊற்று திடீரென்று கலங்கினாலோ, அளவையும் பார்க்க வேண்டாம். இரவில் எல்லோரையும் எழுப்பத் தப்பு மேளம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம்மைக் காலையில் வேலைப் பிரட்டுக்கு விரட்டியது அது, இனி நம் உயிரைக் காக்கட்டும். ஆனால் தப்படிப்பது இன்ன குடும்பத்தின் வேலை என்று எவனாவது சொன்னால் அவனே முதலில் கையில் எடுக்கட்டும்.

அடுத்தது வயிறு. கடையில் விற்கிற பக்கெட் விதையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. அதில் பல கலப்பின விதை; விளைந்ததை எடுத்து மறுபடி போட்டால் அதே விளைச்சல் வராது. கடையை நம்பாத பயிர் நமக்கு வேண்டும். வத்தாளங்கிழங்குக் கொடியை வெட்டி நட்டால் போதும். சௌசௌ காயையே புதைத்தால் கொடி ஓடும். போஞ்சியில் நாட்டு இனத்தை முற்றவிட்டு லயத்துக்கு ஒரு போத்தல் விதை காயவையுங்கள். லயத்துக்கு மேலே சரிவை மட்டும் கொத்தாதீர்கள். கானை அடைக்காமல் வெட்டி வையுங்கள். கவ்வாத்து மிலாறை மழைக்கு முன்னே காயவைத்துக் கூரைக்குள் அடுக்குங்கள், காஸ் சிலிண்டரை நம்பி விறகடுப்பை உடைக்காதீர்கள். நம்முடைய பீலிக்கு மோட்டர் வேண்டாம், மேலிருந்து தண்ணீர் தானாக வருகிறது. டவுன்காரருக்கு இல்லாத செல்வம் அது. ஊற்றுக்கண்ணைச் சுத்தமாக வைக்க முறை போட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர், பிள்ளைத்தாய்ச்சி, நடக்க முடியாத கிழவர் யார் யார் என்று பேப்பரில் எழுதி வையுங்கள். போனில் வேண்டாம்.

சோவியத் விழுந்து எண்ணெய் வரத்துச் சுருங்கியபோது கியூபாக்காரர் நகரத்துக் காலி நிலத்தில் மரக்கறி போட்டுச் சமாளித்தார்கள். அந்த நாட்டில் அரசாங்கம் காணியை விட்டுக்கொடுத்தது. இங்கே தரிசாய்க் கிடக்கிற தேயிலை மலை எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு லயத்திலும் கூடுங்கள். எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். பேணியை வையுங்கள், விதையைப் பங்கிடுங்கள். அதே இடத்தில், தரிசு மலையைப் பயிர் செய்யக் கேட்கும் மனுவில் குடும்பத்துக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள். பெண்கள் பெயர் முதலில் வரட்டும்.