பெடல் மேலே வருகிறதா?

பின் பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்ததும் அது டக்கென்று மேலே வர வேண்டும். சோம்பலாக வந்தால் பலர் பெடல் மூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வலது கால் மிதியருகே உள்ள மாஸ்டர் பம்பை, அதிலும் அதன் அடியிலுள்ள சிறிய ரப்பர் உறையை. இ.எக்ஸ்.5 போன்ற டிரம் பிரேக் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பின்னாலும் டிஸ்க் பிரேக் உள்ள ஒய்15 வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு உண்டு.

முன் பிரேக் பம்ப் கைப்பிடியில், உயரத்தில் இருக்கிறது. பின்னதோ சக்கரங்கள் வாரி இறைக்கும் மழைநீர் படும் இடத்தில். நம் பினாங்கில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. பாலத்தின் 13.5 கிலோமீட்டரில் 8.4 கிலோமீட்டர் கடல்மேல்தான் போகிறது. ஃபெரியில் வருபவர்களுக்கும் அதே காற்றுதான்.

உறை வெடித்திருந்தால் நீர் உள்ளே புகுந்து தங்கிவிடும். பம்பின் உடல் அலுமினியம், பிஸ்டனை வெளியே வராமல் பிடித்திருக்கும் வளையம் எஃகு. உப்பு நீரில் இவை இரண்டும் சேர்ந்திருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். உறையை விலக்கிப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது.

அந்தப் பொடி பிஸ்டனை முழுதாகத் திரும்பவிடாது. அப்போது எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். பிரேக் உரசும், சூடாகும். சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக இடமில்லாததால் பிரேக் தானாகவே இறுகும். பின்னால் மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்திருக்க, பாலத்தின் நடுவில் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும்!

மாதம் ஒருமுறை உறையை விலக்கித் துடைத்து, ரப்பருக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸைத் தள்ளுகம்பியின் முனையிலும் உறையின் உள் ஓரத்திலும் மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ வேண்டாம். பிரேக் ரப்பர் அதில் ஊதிவிடும். வெடித்த உறையை உடனே மாற்றுங்கள்.

உள்ளேயிருந்தும் அரிப்பு வரும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகு 155 பாகை இருந்தாலே தரம் போதும். அவ்வளவு இறக்கம்! இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட் உரிந்துவிடும்.

சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்துவிட்டால், உப்புத்தாள் தேய்த்துத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையை நான் நம்புவதில்லை. குழிமேல் ஓடும் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். பம்பையே மாற்றுவதுதான் வழி. வண்டி கழுவும் கடையில், நீர்ப் பீச்சியை அந்த உறைக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீபாவளி வாரக் கூட்டத்தில் யார் காதில் விழும்? நான் பக்கத்திலேயே நின்றுகொள்வேன்.