பூஜ்யமும் 941-ம்: கேள்வியை யார் எழுதுகிறார்கள்?

2021 ஜூலை மாதக் கடைசி. கையால் மலம் அள்ளும் தொழிலால் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. சமூக நீதி அமைச்சகம் பதில் சொன்னது: அப்படி எந்தச் சாவும் பதிவாகவில்லை.

சில நாட்கள் கழித்து, ஆகஸ்டில், அதே அமைச்சகம் அதே பாராளுமன்றத்தில் இன்னொரு கணக்கைத் தந்தது. கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் இறங்கிச் சுத்தம் செய்தபோது 1993 முதல் இறந்தவர்கள் 941 பேர். அதில் 213 சாவுகள் தமிழ்நாட்டில். மாநிலங்களில் நமக்குத்தான் முதலிடம். சமூக நீதி மண் என்று பீற்றிக்கொள்கிறவர்கள் இந்த முதலிடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பூஜ்யம் எப்படி 941 ஆனது? செத்தவர்கள் அதே ஆட்கள்தான். மாறியது கேள்வியில் இருந்த சொல். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுதல்' என்பதை ஒரு தலைப்பிலும், மலக்குழியில் இறங்கும் 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்பதை வேறொரு பிரிவிலும் வைத்திருக்கிறது. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் அமைச்சருக்குத் தப்பிக்க வாசல் திறக்கும். இரண்டாவது சொல்லையும் சேர்த்துக் கேட்டால் வாசல் மூடும். நம் ஆட்களின் பிணங்கள் அரசின் கணக்கில் ஏறுவதும் ஏறாததும் ஒரு சொல்லைப் பொறுத்திருக்கிறது தோழர்களே.

அந்தச் சொல்லை யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் உறுப்பினர் எழுதுவதில்லை. அவர் அறையில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் எழுதுகிறார். நாம் தெருவில் நிற்கிறோம், நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அறையில் நம்மவர் இல்லை, அதைப் பற்றி நமக்குக் கவலையும் இல்லை என்பதுதான் என் கோபம்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பாராளுமன்றத்துக்கென்றே 1974-இல் சட்டம் போட்டு உருவாக்கிய பட்ஜெட் அலுவலகம் ஒன்று இருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் மசோதாவின் செலவையும் விளைவையும் கணக்குப் போட்டு வெளியிடுவது அதன் வேலை. 2017-இல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்கக் குடியரசுக் கட்சி கிளம்பியது. இரு அவைகளும், அதிபர் பதவியும் அவர்கள் கையில். அந்த அலுவலகத்தின் தலைவரும் அவர்கள் கட்சியினரின் தேர்வுதான். ஆனாலும் கணக்கு வந்தது: கீழவை நிறைவேற்றிய மசோதா சட்டமானால் 2026-க்குள் 2.3 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் நிற்பார்கள். மசோதா நல்லதா கெட்டதா என்று அலுவலகம் சொல்லவில்லை. எண்ணை மட்டும் சொன்னது. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு மக்கள் தங்கள் உறுப்பினர்களை மடக்கினார்கள். சக்கர நாற்காலியில் வந்த மாற்றுத்திறனாளிகள் செனட் தலைவரின் அலுவலக வாசலை மறித்தார்கள். போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. ஜூலை 28 அதிகாலையில் அந்த முயற்சி 49-51 என்று செனட்டில் தோற்றது. அலுவலகத்துக் கணக்கும் தெருவும் சேர்ந்து செய்த வேலை அது.

நம் பாராளுமன்றத்தில் அப்படியொரு அலுவலகம் இல்லை. ஆனால் எதுவுமே இல்லை என்று கைகழுவ முடியாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். மும்பையில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தும் தேசிய குடும்ப நல ஆய்வு இருக்கிறது. உறுப்பினர் கேட்டால் தகவல் திரட்டித் தரும் பாராளுமன்ற நூலகத்தின் ஆய்வுப் பிரிவு இருக்கிறது. சுகாதாரத்துக்கென நிலைக்குழு இருக்கிறது. கட்சி சார்பில்லாமல் மசோதாக்களை விளக்கும் பி.ஆர்.எஸ். நிறுவனம் 2005 முதல் இருக்கிறது.

இவற்றால் என்ன ஆகும் என்கிறீர்களா? 2023 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு பற்றிய தணிக்கை அறிக்கை வைக்கப்பட்டது. ஒரே ஒரு கைபேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். ஏற்கெனவே இறந்ததாகக் கணினியில் பதிவான 3,446 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததாக 6.97 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகியிருந்தது. இதை எந்த எதிர்க்கட்சியும் கண்டுபிடிக்கவில்லை. தணிக்கையாளர் கண்டுபிடித்தார். நம் உதவியாளர் அங்கே இருந்திருந்தால் அடுத்த கேள்வியை எழுதியிருப்பார்: நிராகரிக்கப்பட்ட, இழுத்தடிக்கப்பட்ட விண்ணப்பங்களில் பட்டியல் சாதியினருடையவை எத்தனை?

"நடுநிலை என்று ஒன்று உண்டா? அந்த நிறுவனங்களிலும் அவர்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. என் பதில் இது: அவர்கள் தரும் எண் நேர்மையாகவே இருக்கலாம், ஆனால் எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதைக் காலியாக விடுவது என்ற முடிவில் நடுநிலை கிடையாது. குழந்தை இறப்பு வீதத்தை ஆண்டுதோறும் சொல்லும் மாதிரிப் பதிவு முறை, சாதிவாரியாக அதை வெளியிடுவதில்லை. குடும்ப நல ஆய்வின் தேசிய அறிக்கையில் பட்டியல் சாதி, பழங்குடி என்று பிரித்த அட்டவணைகள் உண்டு, எம்.எல்.ஏ. கையில் கிடைக்கும் மாவட்டத் தகவல் தாளில் அந்தப் பிரிப்பு கிடையாது. ஊரும் சேரியும் ஒரே சராசரியில் கரைந்துவிடும். அமெரிக்காவில் பிரசவ மரண வீதம் 2021-இல் கறுப்பினப் பெண்களுக்கு ஒரு லட்சத்துக்கு 69.9, வெள்ளையினப் பெண்களுக்கு 26.6 என்று அரசே வெளியிடுகிறது. அந்தக் கட்டம் இருப்பதால்தான் அங்கே சண்டை போட முடிகிறது. நமக்கு அந்தக் கட்டத்தையே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் கட்டம் காலியாகவே இருக்கும்.

இனி நம்மைப் பற்றியும் பேசுவோம். "தலித் பெண்ணின் ஆயுள் மற்ற பெண்களைவிட 14.6 ஆண்டு குறைவு" என்று நானே பல மேடைகளில் முழங்கியிருக்கிறேன். 2018-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கையில் வந்த எண் அது. 39.5 வயது, 54.1 வயது. ஆனால் அது ஆயுட்கால எதிர்பார்ப்பு அல்ல. இறந்தவர்களின் சராசரி வயது. ஒரு சமூகத்தில் இளவயதினர் அதிகம் இருந்தாலே அந்தச் சராசரி இறங்கும். இந்த வேறுபாடு தெரியாமல் அவையில் பேசினால், எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து ஒரே நிமிடத்தில் நம் வாதத்தைச் சாய்த்துவிடுவார். எண் சரிந்தால் அநியாயமே பொய் என்பார்கள்.

சரியான எண் இருக்கிறது. அரசே நடத்திய ஆண்டுச் சுகாதார ஆய்வின் தரவை வைத்து ஒன்பது மாநிலங்களுக்கு ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2022-இல் வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுக்கு மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுக்கு மேல். இந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலையால் விளக்க முடியவில்லை. "எல்லாம் வறுமைதான், சாதி இல்லை" என்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? ஆனால் தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. ஆகவே இந்த எண்ணைத் தமிழ்நாட்டுக்கு ஒட்டாதீர்கள். தமிழ்நாட்டுக்கு ஏன் இல்லை என்று கேளுங்கள்.

உறுப்பினரின் அறையில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு, நான் கற்றதில் நான்கு:

1. கேள்வி எழுதும் முன் அதே பொருளில் வந்த பழைய பதில்களைப் படியுங்கள். பாராளுமன்ற இணையதளத்தில் எல்லாம் கிடக்கிறது. அமைச்சகம் எந்தச் சொல்லில் தப்பித்தது என்று கண்டுபிடித்து அந்தச் சொல்லை அடையுங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் வாய்மொழிப் பதில். குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பை வீணாக்க நமக்கு உரிமை இல்லை.

2. மொத்த எண்ணை மட்டும் கேட்காதீர்கள். சாதி, பாலினம், மாவட்டம், ஆண்டு எனப் பிரித்துக் கேளுங்கள். "இத்தகவல் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்று பதில் வந்தால் சோர வேண்டாம். எண்ண மறுக்கிறோம் என்று அரசு எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. அதை இணைத்து நிலைக்குழுவுக்கு மனு போடுங்கள்.

3. நூலக ஆய்வுப் பிரிவு உறுப்பினருக்கு மட்டுமே வேலை செய்யும்; உங்களுக்கும் எனக்கும் செய்யாது. ஆகவே உறுப்பினரின் பெயரில் கேட்டு வாங்குங்கள். தணிக்கை அறிக்கையில் உங்கள் மாநிலம் வரும் பத்திகளைத் தனியே எடுத்து வையுங்கள். மாநில அறிக்கைகள் பல நேரங்களில் கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் வைக்கப்படுகின்றன, யாரும் படிக்கக் கூடாது என்றே. நீங்கள் படியுங்கள்.

4. கிடைத்த எண்ணைச் சேரிக்குக் கொண்டுபோங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்ததாக அறிக்கை சொன்னால், வரிசையில் நின்ற அம்மாவிடம் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அடுத்த கேள்வி இருக்கிறது.

அந்த அறைக்குள் எப்படிப் போவது? ஒரு எம்.பி.க்கு ஒரு பட்டதாரி என்று பி.ஆர்.எஸ். ஆண்டுதோறும் இளைஞர்களைத் தேர்வு செய்கிறது. விண்ணப்பம் ஆங்கிலத்தில், வாழ வேண்டியது டெல்லியில். அரசு விடுதியில் படித்த பிள்ளைக்கு இரண்டுமே மதில் சுவர்தான். சுவர் இருக்கிறது என்று தெரிந்தே விண்ணப்பியுங்கள். நம் அமைப்புகள் அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் செலவுக்குப் பணமும் தர வேண்டும். மாநாட்டுப் பந்தலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

மக்களவையில் 84 தனித்தொகுதிகள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44. இவர்கள் ஒவ்வொருவரையும் கேளுங்கள்: ஐயா, அம்மா, உங்கள் கேள்விகளை எழுதுவது யார்? கடைசியாக எந்தத் தணிக்கை அறிக்கையைப் படித்தீர்கள்? நம் வாக்கால் போனவர்கள் கட்சித் தலைமைக்கு மேசை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது நம் இடத்தை நாமே காலியாக விடுவதற்குச் சமம்.

1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் எழுந்து, பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பாபாசாகேப் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் உழைக்கும் பெண்களின் பேறுகாலச் சலுகைக்காக வாதாடினார். மாகாண நிதியைப் பற்றி நூலே எழுதியவர் அவர். வரவு செலவுக் கணக்கைப் படிப்பது படித்தவன் பொழுதுபோக்கு என்று அவர் நினைக்கவில்லை. நம் முன்னோர் அவைக்குள் போனது நாற்காலிக்காக அல்ல, கேட்பதற்காக.

அடுத்த முறை மலக்குழியில் ஒருவர் செத்தால் சாலையை மறிப்போம். மறித்துவிட்டு, அன்றிரவே உட்கார்ந்து கேள்வியை எழுதுவோம். இந்த முறை பூஜ்யம் என்று பதில் வர முடியாத கேள்வியாக.

ஜெய்பீம்.