அரசியல் சாக்கடையா, படிக்க வேண்டிய பாடமா?



"அரசியல் ஒரு சாக்கடை, வியாபாரிக்கு அது எதற்கு?" என்று கல்லாவில் அமர்ந்தபடி சொல்கிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் கடை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று முடிவு செய்தது யார்? நீங்களா?

1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007-ல் மறுபடியும் தனி மாவட்டம்! அரியலூர் வியாபாரி தன் கடையை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. ஆனால் மனுவைத் தூக்கிக்கொண்டு அவர் போகவேண்டிய ஊர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

லப்பைக்குடிக்காட்டுச் சகோதரரே! உங்கள் மாவட்டம் பெரம்பலூர். சட்டமன்றத் தொகுதி குன்னம். அதே தொகுதியில்தான் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையும் இருக்கிறது. உங்கள் எம்.பி. யார்? சிதம்பரம் தொகுதியின் எம்.பி.! பெரம்பலூர் என்ற பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருக்கிறது. அதில் குளித்தலை உண்டு, லால்குடி உண்டு, துறையூர் உண்டு, நீங்கள் இல்லை.

இது 2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரைவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களைப் பொது அமர்வில் கேட்ட பிறகே ஆணையம் இறுதி முடிவு எடுக்க வேண்டும். கெஜட்டில் வந்துவிட்டால் பிறகு கோர்ட்டுக்குப் போய் அதை அசைப்பது அரிது. அந்த வரைவை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? எத்தனை ஜமாஅத்துகள் ஒரு மனுவாவது கொடுத்தன?

அரசியல் அறிவியல் என்பது இதுதான் சகோதரர்களே! கட்சிக்கொடியும் ஓட்டும் அதில் ஒரு பகுதி மட்டுமே. அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு எல்லை எது, கோடு போடுபவர் யார், அவரிடம் கேள்வி கேட்கும் வழி எது? அரசியல் சட்டம் முதல் பேரூராட்சி பட்ஜெட் வரை, நாடுகளுக்கிடையே உள்ள உறவு வரை அத்தனையும் அதன் பாடம்.

நம் முன்னோர் இதை ஒதுக்கவில்லை. 1377-ல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், அரசுகள் எப்படி எழுகின்றன, எப்படி அழிகின்றன என்று ஆராய்ந்தார். ஆட்சியாளரே வியாபாரத்தில் இறங்கினால் குடிகளும் கெடுவார்கள், வரி வருமானமும் கெடும் என்று அன்றே எச்சரித்தார். வியாபாரிக்கு அரசியல் எதற்கு என்று இனியும் கேட்பீர்களா?

குறை என்னிடமும் உண்டு. மதரஸாவில் ஓதிவிட்டு மேடையேறி, "உரிமை கொடு" என்று ஆண்டுக்கணக்கில் முழங்கியவன் நான். "எந்தச் சட்டப்படி, எந்த அதிகாரியிடம் கேட்பது ஹஜ்ரத்?" என்று ஓர் இளைஞன் கேட்டபோது வாயடைத்து நின்றேன்!

இன்ஜினீயரிங்குக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்புகிறோம். மஹல்லாவுக்கு ஒருவரையாவது அரசியல் அறிவியல் படிக்க வைப்போம். அடுத்த மறுவரையறையின் வரைவு வரும்போது கையில் வரைபடத்தோடும் மனுவோடும் நிற்போம். கோடு போட்டு முடிந்தபின் கோஷம் போட்டு என்ன பயன்?

சிந்தியுங்கள், சகோதரர்களே!